வேனில் யாரும் தூங்கவில்லை

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. உன் வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. அதை உடைத்தவள் நான்தான். எலும்பு எந்த இடத்தில் விட்டிருக்கிறது, எப்போது கூடும், குளிக்கும்போது கட்டு நனையாமல் எப்படிப் பாலிதீன் பையைச் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையிலேயே தலை நரைத்தவள் நான். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. இதற்கு மேல் நலம் விசாரிப்பு கிடையாது.

நேற்று போனில் நீ கேட்டதற்கு இது பதில். "அம்மா, மகளிர் ஸ்டேஷன்லேருந்து கூப்பிடுவாக. வேன்ல நல்லா தூங்கிட்டேன், ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிரும்மா. அப்பா, சித்தப்பா, சித்தி எல்லாரும் அதைத்தான் சொல்லப் போறாக. நீ ஒருத்தி மாத்திச் சொன்னா என் வேலை போயிரும்" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்துவிட்டேன். பதிலை உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். வேனில் தூங்கியதாகச் சொல்லப் போகிறவர்கள் எல்லாரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். தினமும் விடிந்ததும் ரோஜாப்பூப் படத்தோடு பைபிள் வசனம் அனுப்புகிறவர்கள் இதையும் ஒருதரம் படிக்கட்டும்.

உன் மனைவி ஜெனிட்டா புகார் கொடுத்ததும் நீ ஓர் எதிர்ப் புகார் கொடுத்தாயே, அதை உன் அப்பா எனக்கு வாசித்துக் காட்டினார். ஜெனிட்டாவின் கன்னத்தில் இருந்தது வேன் கதவு இடித்த காயமாம். ஞானஸ்நான விருந்தில் அவள் அண்ணன் சகாயம் குடித்துவிட்டு வந்து காரணமே இல்லாமல் உன் சட்டையைப் பிடித்தானாம். பிரியாணி கிண்டுகிற துடுப்பால் அடித்து உன் கையை உடைத்தவனும் அவன்தானாம். அந்த இடம் வந்தபோது உன் அப்பாவின் குரல் இறங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பெத்த தாயே அடிச்சான்னு எழுதுனா அசிங்கம்டி" என்றார். சகாயம் உன் சட்டையைப் பிடித்ததை அந்த ஊரே பார்த்தது. ஏன் பிடித்தான் என்பது வேனில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவன் ஊர்க்காரர்கள் எதைச் சொன்னாலும் சொந்தக்காரனுக்காகப் பேசுகிறார்கள் என்று தள்ளிவிடலாம். நாம் எல்லாரும் தூங்கிவிட்டால் அவன் ஜெயிலுக்குப் போவான். கடலுக்குப் போய் அம்மாவையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் காப்பாற்றுகிறவன். நீ என்னிடம் கேட்ட தூக்கம் இதுதான்.

சரி, யார் யார் எப்படித் தூங்கினோம் என்று பார்ப்போம். சனிக்கிழமை காலை புதுக்கோட்டையில் வேன் ஏறும்போது எவ்வளவு கும்மாளமாக இருந்தோம். மறுநாள் உன் மகளுக்கு ஞானஸ்நானம். கட்டுமாவடிக்குப் பக்கத்தில் ஜெனிட்டாவின் ஊர்க் கோவிலில். நம் வீட்டில் இந்தத் தலைமுறையின் முதல் பிள்ளை. டிரைவருக்குப் பக்கத்தில் உன் அப்பா. நடு சீட்டில் நீயும் ஜெனிட்டாவும். ஜெனிட்டாவுக்கு நேர் பின்னால் நான். எனக்குப் பக்கத்தில் சித்தி, முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு. கடைசி சீட்டில் சித்தப்பா காலை நீட்டிக்கொண்டு, "டிரைவரே, இது என்ன பாட்டா? காக்கா கத்துற மாதிரி இருக்கு, மாத்துங்க" என்று கத்திக்கொண்டே வந்தார். பிள்ளை ஜெனிட்டாவின் தோளில் தூங்கியது. ஆலங்குடி தாண்டி முந்திரிக்காடு ஆரம்பித்தபோது நீ கேட்டாய், "அந்தக் கவுன் எந்த பேக்ல இருக்கு?"

நம் சனங்களில் ஞானஸ்நானத்து வெள்ளை உடுப்பு தாய்மாமன் கொண்டுவருவது. தலையில் தண்ணீர் ஊற்றியதும் சாமியார் பிள்ளைக்குப் போர்த்துவது மாமன் வீட்டு உடுப்பைத்தான். அப்பன் வாங்கிப் போட்டால், மாமனுக்கு வக்கில்லை என்று அர்த்தம். இது உனக்கும் தெரியும். ஆனால் உனக்குப் போட்டோ முக்கியம். நீ வேலை பார்க்கிற ஷோரூம் ஆட்கள் லைக் போட வேண்டும். திருச்சியில் தேடி, லேஸும் முத்துமாக, நாலு அடுக்குப் பாவாடை வைத்த கவுன் ஒன்று வாங்கி வந்திருந்தாய். ஜெனிட்டா அதை பீரோவிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

"வீட்ல இருக்குங்க. எங்கண்ணன் உடுப்பு தச்சு வச்சிருக்காரு. மாமன் உடுப்பு இருக்கயில நம்ம இதைப் போட்டா அவரு மொகம் செத்துப்போகும்" என்றாள்.

"அப்ப நான் வாங்குனது என்ன, கோணியா?"

"கோணி இல்லங்க, கேக்கு. அதைப் போட்டா பிள்ள பர்த்டே கேக்கு மாதிரியே இருக்கா. மெழுகுவத்தி ஒண்ணுதான் கொறச்சல். சாமியாரு பாட்டுப் பாடி ஊதிப்புடப் போறாரு."

வேனே சிரித்தது. சித்திக்கு முறுக்கு புரையேறியது. டிரைவர் சிரித்தார். உன் அப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், அவள் சொன்னது உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடித்தாய். முழு உள்ளங்கையால். அவள் தலை ஜன்னல் கண்ணாடியில் போய் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, தேங்காயைத் தரையில் போட்ட மாதிரி. கண்ணாடி உடையவில்லை. பிள்ளை வீரிட்டுக் கத்தியது. ஜெனிட்டா பிள்ளை விழாமல் இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். அதனால் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கக்கூட அவளுக்குக் கை இல்லை.

பிறகு நடந்ததைக் கேள். டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். சித்தி முறுக்கு டப்பாவை மூடினாள். சித்தப்பா காலை மடக்கிப் போனை எடுத்துக்கொண்டார். உன் அப்பா, "ஏன்டா, ரோட்டுல வச்சு?" என்றார். இதைத்தான் நான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு அடித்தது பிரச்சினை இல்லை. ரோடுதான் பிரச்சினை. பெண்டாட்டியைத் தொட்டு அடித்ததில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிற மனுஷன். அடிக்காமல் இருப்பது ஏதோ சர்க்கார் விருது மாதிரி. அந்த விருதை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்தேன்? முந்திரி மரங்களைப் பார்த்தேன். உன் கழுத்து எனக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. எட்டிப் பிடித்திருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முந்திரி இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது என்று நினைத்தேன். உண்மையாகவே அதைத்தான் நினைத்தேன்.

அறந்தாங்கியில் டீ குடிக்க நிறுத்தினோம். நீ சிகரெட் வாங்கப் போனாய். கடையில் கூலிங் தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டுபோய், "கன்னத்துல வச்சுக்கம்மா" என்று ஜெனிட்டாவிடம் நீட்டினேன். அவள் வேனைவிட்டு இறங்கவில்லை. வாங்கிக்கொண்டாள். "வலி இல்ல அத்தை. இது புதுசா என்ன? வீட்ல கதவச் சாத்திக்கிட்டு அடிப்பாரு, நீங்க யாரும் பாத்ததில்ல. இன்னைக்கு எல்லாரும் பாத்தீக. பாத்துட்டு எல்லாரும் ஒண்ணா ஜன்னல் பக்கம் திரும்புனீகல்ல, அதான் தாங்கல" என்றாள். எனக்கு வாயில் டீ இருந்தது. விழுங்கினேன்.

அவள் வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் அம்மா பிள்ளையை வாங்கக் கை நீட்டியவர், மகள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "வேன் கதவு இடிச்சிருச்சும்மா" என்றாள் ஜெனிட்டா. சம்பந்தியம்மா அவளிடம் மேலே கேட்கவில்லை. என்னைத் தனியே கொல்லைப் பக்கம் கூட்டிப்போய், "கதவுதானா மதினி?" என்று கேட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கதவுதான் மதினி. டிரைவரு பாக்காம இழுத்துட்டாரு" என்றேன். பொய்க்கு ஒரு டிரைவரையும் சேர்த்துக்கொண்டேன். அவர் என் கையை விட்டுவிட்டு, மீன் பெட்டியிலிருந்து ஐஸை உடைத்துத் துண்டில் முடிந்து எடுத்துவந்தார். மீன் வாடையடிக்கிற அந்த ஐஸை ஜெனிட்டா கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ முற்றத்தில் சகாயத்தோடு வஞ்சிர மீன் விலை பேசிக்கொண்டிருந்தாய். சகாயம் உனக்கு நண்டு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் கட்டுப் போடும் அறையில் கதவுகள்தான் பெரிய ரவுடிகள். அதற்கு அடுத்தது பாத்ரூம் தரை. அதற்கு அடுத்தது மாடு. மாடே இல்லாத வீட்டுப் பெண்ணை மாடு முட்டியிருக்கும். புருஷன் வெளியே பிளாஸ்க்கில் டீ வாங்கி வைத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பான். அப்படி நிற்கிறவனைப் பார்த்து மற்ற நோயாளிகள், "எம்புட்டு அக்கறையா இருக்காரு பாரு" என்பார்கள். இத்தனை வருஷம் நான் அந்தப் பெண்களை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்டி என்று. அவர்கள் சொல்லாததற்குக் காரணம் கதவுக்கு வெளியே நிற்கிறவன் மட்டும் இல்லை, அவனோடு வந்த நாங்களும்தான் என்று அந்தக் கொல்லையில் நின்றபோது தெரிந்தது.

கோபம் வந்தால் கண் மண் தெரிவதில்லை அம்மா என்று போனில் அழுதாய். பொய் சொல்லாதே. உன் கோபத்துக்கு நன்றாகவே கண் தெரியும். ஷோரூமில் மேனேஜர் எல்லார் முன்னாலும் பைலை உன் முகத்தில் எறிந்தான் என்று ஒருநாள் வந்து சொன்னாயே, அன்றைக்கு என்ன செய்தாய்? குனிந்து பேப்பரைப் பொறுக்கிக் கொடுத்து "சாரி சார்" என்றாய். கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து உன்னை மிதித்தபோது திருப்பி ஒரு அடி அடித்தாயா? டோல்கேட்டில் போலீஸ்காரர் "என்னடா" என்று கேட்டதற்கு "அண்ணே" என்று சிரித்தாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மேனேஜரிடம் வராத கோபம், போலீஸிடம் வராத கோபம், கையில் பிள்ளையை வைத்திருக்கிற ஒருத்தியிடம் மட்டும் எப்படி வருகிறது? அவள் திருப்பி அடிக்க மாட்டாள். பார்க்கிறவர்கள் உன் ஆட்கள். அவ்வளவுதான் கணக்கு. உன்னை இப்படி வளர்த்ததில் எங்கள் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கு முப்பது வயது நெருங்குகிறது. இனிமேலும் வளர்ப்பு என்று என் தலையில் கட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். ஜெனிட்டா முந்தானையைத் தலையில் போட்டு, வீங்கிய கன்னம் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள். எல்லாப் பெண்களும் முக்காடு போட்டிருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. "ஒங்க மருமக எம்புட்டு பக்தியா இருக்கு" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். சாமியார் கேள்வி கேட்டார். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா? விட்டுவிடுகிறோம். அவனுடைய செயல்களை எல்லாம் விட்டுவிடுகிறீர்களா? விட்டுவிடுகிறோம். எல்லார் குரலையும்விட உன் குரல் உரக்கக் கேட்டது. பிள்ளைக்கு ரீத்தா என்று பெயர் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். சகாயம் கொண்டுவந்த உடுப்பைப் போர்த்தினார். வெறும் பருத்தித் துணி. கழுத்தைச் சுற்றி அவன் பெண்டாட்டி நீல நூலில் சின்னச் சின்ன மீன் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் உன் தாடை இறுகியதைப் பின்னால் நின்ற நான் பார்த்தேன். அப்போதுகூட, சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிட்டால் போதும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

விருந்துப் பந்தலில் சகாயம் பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு போட வந்தான். குடிக்கவில்லை. பூசையில் தேவநற்கருணை அப்பம் வாங்கிவிட்டு வந்த வாயோடு நின்றான். "இங்கிட்டு வெளிச்சத்துக்கு வா ஜெனி, கொக்கி தெரியமாட்டேங்குது" என்று அவளைப் பந்தலுக்கு வெளியே வெயிலுக்கு இழுத்தான். பிள்ளை கையை ஆட்டி முந்தானையைப் பிடித்து இழுத்தது. அவன் கொலுசை விட்டுவிட்டு அவள் கன்னத்தையே பார்த்தான்.

"ஏன்டி, கதவுக்கு நாலு வெரலு உண்டாடி?" என்றான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நீ பேசினாய். "எம் பொண்டாட்டி. நான் தொடுவேன், அடிப்பேன். ஒனக்கு என்ன? கொலுசு போட வந்தியா, போட்டுட்டுப் போ." அதன் பிறகுதான் அவன் உன் சட்டையைப் பிடித்தான். பிடித்தான், அடிக்கவில்லை. "எந் தங்கச்சிய அடிச்சியாலே?" என்று கேட்டான். நீ பக்கத்து மேஜையில் தண்ணீரோடு இருந்த எவர்சில்வர் ஜக்கை எடுத்து அவன் வாயில் இறக்கினாய். அவன் உதடு இரண்டாகப் பிளந்தது. முன் பல் ஒன்று யாருடைய சோற்று இலையிலோ போய் விழுந்தது. மறுபடி இறக்கினாய். அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான். மறுபடியும் இறக்கினாய். ரத்தம் தெறித்து நீல மீன்களின் மேல் விழுந்தது. பிறகு ஜெனிட்டாவின் கொண்டையைப் பிடித்து வேன் பக்கம் இழுத்தாய். "ஏறுடி! ஏறுடி!" அவள் பிள்ளையோடு பின்னாலேயே குனிந்து நடந்தாள். ஒரு செருப்பு கழன்று வழியில் கிடந்தது. பந்தல் நிறைய ஆம்பளைகள். கடலில் அலையோடு மல்லுக்கட்டுகிற ஆம்பளைகள். புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று இரண்டு பக்கமும் ஒதுங்கி உனக்கு வழிவிட்டார்கள். சகாயம் தரையில் கிடக்கும்போதும் வழிவிட்டார்கள்.

பிரியாணி அண்டாவின் மேல் துடுப்பு சாத்தியிருந்தது. எடுத்ததே எனக்கு நினைவில்லை; கனம் மட்டும் நினைவிருக்கிறது. உன் முழங்கைக்குக் கீழே அடித்தேன். விட்டுவிட்டாய். அவள் கொண்டையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அம்மா" என்றாய். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவள் தப்பித்துவிட்டாள், வேலை முடிந்துவிட்டது. ஆனால் நான் இன்னொரு தரம் ஓங்கி அதே இடத்தில் அடித்தேன். எலும்பு விட்டது இரண்டாவது அடியில்தான். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம்.

இதை நீ புரிந்துகொள்ள வேண்டும், தம்பி. முதல் அடி அவளுக்காக. இரண்டாவது எனக்காக. அது எனக்குச் சுகமாக இருந்தது. முந்திரிக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கும், கதவு என்று சொன்னதற்கும், வாழ்நாள் பூராவும் வாயை மூடிக்கொண்டு கட்டுப் போட்டதற்கும் சேர்த்து உன் கையை உடைத்தேன். நல்ல ருசியான சாப்பாட்டை விழுங்குகிற மாதிரி இருந்தது. அப்போது தெரிந்தது, உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று. எதிரில் இருக்கிறவன் அடி வாங்கத்தான் இருக்கிறான் என்று ஒரு கணம் தோன்றுகிறது பார், அது இனிக்கிறது. அதனால்தான் மறுபடி மறுபடி செய்தாய். இதைச் சொல்வதால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அந்த ருசி தெரிந்த பிறகு உன்னை நம்ப எனக்குப் பயமாக இருக்கிறது. என்னையும்தான்.

அன்றைக்குச் சாயங்காலமே சமாதானம் ஆரம்பித்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். "பிள்ளைக்குத் தண்ணி ஊத்துன நாளு, கேசு கீசுன்னு போவாதிய" என்றார்கள். சாமியார் பொறுமையைப் பற்றிப் பேசினார். யாருடைய பொறுமை என்று அவர் சொல்லவில்லை. எல்லாரும் ஜெனிட்டாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணனுக்குத் தையல் போடணும், நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அங்கன எப்படிக் காயம்னு கேப்பாக. உள்ளதைச் சொல்லப் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். யாருக்கும் காத்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, இன்று வரைக்கும். கேட்டது நீ மட்டும்தான்.

சித்தி இன்று காலை போன் செய்தாள். "எனக்கு வேன்ல ஏறுனாலே மயக்கம்க்கா, மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன்" என்று என்னிடமே ஒத்திகை பார்க்கிறாள். முறுக்கு டப்பாவை மூடியது எந்தக் கை என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள். டிரைவர் ரோட்டைத்தான் பார்த்தாராம். சித்தப்பா கடைசி சீட்டில் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லையாம். நான் ஸ்டேஷனுக்குப் போனால் திரும்பி இந்த வீட்டுக்கு வர வேண்டாம் என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார். இந்த வீட்டின் பாதி என் சம்பளத்தில் எழும்பியது. வருவேன். ராத்திரிக்குத் தோசை மாவு பிரிட்ஜில் இருக்கிறது, அவரையே ஊற்றிக்கொள்ளச் சொல்.

நாளைக் காலை அறந்தாங்கி பஸ்ஸில் போகிறேன். என்ன சொல்லப் போகிறேன் என்பதை இப்போதே தெரிந்துகொள், வக்கீலிடம் சொல்ல வசதியாக இருக்கும். ஆலங்குடிக்கு அப்புறம் நீ அடித்ததைச் சொல்வேன். சம்பந்தியம்மாவிடம் கதவு என்று நான் பொய் சொன்னதைச் சொல்வேன். சகாயம் சட்டையைப் பிடித்ததையும், நீ ஜக்கால் இறக்கியதையும், கொண்டையையும், செருப்பையும் சொல்வேன். துடுப்பைப் பிடித்தது யார் என்று சொல்வேன். இரண்டாவது அடிக்கு அவசியம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அதற்கு என் மேல் கேஸ் எழுதினால் எழுதட்டும். அந்தக் கேஸில் நீ உண்டு, நான் உண்டு, சகாயம் இல்லை.

உன் வேலை போனால் போகட்டும். கட்டை அவிழ்க்கும்போது உன் கை மெலிந்து, தோல் வெளுத்து, ஒரு டம்ளரைப் பிடிக்கவும் பலமில்லாமல் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பயப்படாதே. பந்தை அமுக்கி அமுக்கிப் பழக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வா, நான் சொல்லித் தருகிறேன். ஜெனிட்டாவின் ஊர்ப் பக்கம் மட்டும் போகாதே. அவளாகக் கூப்பிடும்வரை போகாதே. கூப்பிடாவிட்டால் கடைசிவரை போகாதே.

ஸ்டேஷனில் ஒருவேளை, அந்த வேனில் யாராவது தூங்கினார்களா என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். ஒருத்தி தூங்கினாள். அவளுக்கு அப்போது பெயர்கூட வைத்திருக்கவில்லை. நீ அடித்த சத்தத்தில் அவளும் எழுந்துவிட்டாள்.